பதினேழாரின் வலது கன்னம்

பதினேழாம் நம்பர் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஒரே ஆள் ஓட்டினால், பெற்றவர்கள் வைத்த பெயர் அவரிடம் எப்படித் தங்கும்? டிப்போவில் அவர் பதினேழார். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரும் சேர்ந்து யாரையோ தேடுவார். ரயிலடியில் புறப்பட்டு ஆஸ்பத்திரி, கோர்ட்டு, மார்க்கெட் எல்லாம் தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். காலை ஐந்திலிருந்து பத்து வரை ஒரு டூட்டி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்து, எழுந்து, மறுபடி மூன்றிலிருந்து எட்டு வரை ஒரு டூட்டி. ஒரு மனுஷனின் நாளை இப்படி இரண்டாக உடைத்து வேலை வாங்கலாம் என்று கண்டுபிடித்த அதிகாரி ஒரு நாளாவது ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க மாட்டார்.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஒன்று நடந்தது. ஒன்றரை வருஷம் ஓடியது, அப்புறம் பிரேக்டவுன். யார் மேலும் தப்பில்லை. மனைவிக்கு விடியற்காலை நாலு மணி அலாரம் ஒத்துக்கொள்ளவில்லை, இவருக்கு அலாரம் இல்லாமல் பிழைப்பில்லை. அவள் இப்போது வேறு ஊரில், வேறு வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். அதற்குப் பிறகு இவர் வீட்டில் கேட்ட பெண் குரல் அக்காவுடையது மட்டும்தான். அத்தான் போனதும் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிய அக்கா, அன்றிலிருந்து தம்பி பேச வேண்டியதையும் சேர்த்துத் தானே பேசிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டு ஸ்டாப்பில் ஒரு அம்மா ஏற ஆரம்பித்தாள். மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் காதையும் மூக்கையும் அளந்து, ஃபிரேமை வளைத்து நிமிர்த்தி மாட்டிவிடுவாள். நாற்பத்தேழு வயது, கணவர் இறந்து எட்டு வருஷம், மகன் கப்பல் வேலையில். முன்வாசலில் ஏறியதும் இடது பக்கம் முதல் சீட்டுதான் அவளுக்கு. ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து ஓட்டுநருடன் பேசுவாள். இவரும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார். சட்டப்படி பார்த்தால் இருவரும் குற்றவாளிகள்.

ஒரு நாள் ஏதோ ஊர்வலத்தில் பஸ் நாற்பது நிமிஷம் நகரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் சபித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் இன்னும் பத்து நிமிஷம் ஆனால் தேவலை என்று உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அந்த அம்மா சொன்னாள்: “ஒரு நாள் உக்காந்து டீ குடிக்கலாமே. இப்ப கடையில ஸ்டாக் எடுக்குறாங்க, நகர முடியாது. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை எனக்குச் சரியா இருக்கும். அப்புறம் உங்க அக்காவையும் ஒரு நாள் பாக்கணும்.”

அக்காவிடம் சொன்னார். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “டேய், டீ குடிக்கிறதுக்கு எதுக்குடா என்னைப் பாக்கணும்? இது பொண்ணு பாக்குறதுதான். என்ன, இந்தத் தடவை நீதான் பொண்ணு.”

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், பதினேழாருக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் லீவு போட்ட நாட்களில் பஸ் நிறையக் கூட்டம் இருந்தும் காலி வண்டியை ஓட்டுவது மாதிரி இருக்கும். மிச்ச வாழ்க்கைக்கு ஒரு துணை வேண்டும், அது இவளாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டியாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வாரம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போட்டோ எடுக்கப் போகிற வரைக்கும்.

போட்டோக்கடைக்காரன் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டான். அப்புறம் ஒரு அட்டையை எடுத்துத் திரையில் முகத்தின் பாதியை மறைத்தான். “இது நீங்க.” அட்டையை அடுத்த பாதிக்கு நகர்த்தினான். “இது உங்க அப்பா.”

விஷயம் இதுதான். ஓட்டுநர் உட்காருவது வலது ஓரம். வலது பக்கம் ஜன்னல், ஜன்னல் வழியே வெயில், இருபத்தாறு வருஷம், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். இடது கன்னம் பஸ்ஸின் நிழலில் சொகுசாக வளர்ந்தது. வலது கன்னம் ரோட்டில் வளர்ந்தது. கோடு, மடிப்பு, கரும்புள்ளி, தொங்கல் எல்லாம் ஒரே பக்கம். வீட்டில் சவரம் செய்வது உள்ளங்கை அகலக் கண்ணாடியில், ஒரு நேரத்துக்கு ஒரு கன்னம்தான் தெரியும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அவர் பார்த்ததே இல்லை. அக்காவைக் கேட்டார். “எனக்குத் தெரியும்டா. உன் மனசு கஷ்டப்படுமேன்னு பதினஞ்சு வருஷமா வாயை மூடிக்கிட்டிருக்கேன்” என்றாள். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்த விஷயம் உலகத்தில் இது ஒன்றுதான்.

பதினேழார் கணக்குப் போட்டார். முதல் சீட்டிலிருந்து பார்த்தால் தெரிவது இடது கன்னம். மூன்று வருஷமாக அந்த அம்மா பார்த்தது நல்ல பாதியை மட்டும். டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் அப்பாவும் சேர்ந்து வந்து உட்காருவார். கையில் இருப்பது ஆறு வாரம். அதற்குள் வலது கன்னத்தை இடது கன்னத்துக்குச் சமமாகக் கொண்டுவந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு மருந்துக்கடை. அங்கே நிற்கிற பெண் படித்தவள், பொறுமைசாலி, ஆனால் எல்லாரையும் அங்கிள் என்று கூப்பிடுகிறவள். அவள் நாலு டப்பாவை வரிசையாக எடுத்து வைத்தாள்.

“காலையில மூஞ்சி கழுவிட்டு முதல்ல விட்டமின் சி சீரம். அது இழுத்துக்கிட்டதும் மாய்ஸ்சரைசர். கடைசியா சன்ஸ்க்ரீன், ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கணும். படுக்கப் போறதுக்கு முன்னாடி கழுவித் துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் சுருக்கத்துக்கு இந்த ரெட்டினால் கிரீம், ஒரு பட்டாணி அளவு, அதுக்கு மேல மாய்ஸ்சரைசர். ஆரம்பத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். மாற்றம் தெரிய மூணு மாசமாவது ஆகும் அங்கிள்.”

“எனக்கு ஆறு வாரம்தான்மா இருக்கு.”

“தோலுக்கு உங்க டைம்டேபிள் தெரியாது அங்கிள்.”

“அப்புறம் இதெல்லாம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். அப்போ ஒரு விரல் நீளம், அரைப் பட்டாணி. சரிதானே?”

அந்தப் பெண் கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். முகம் முழுக்கப் போட வேண்டும் என்று எடுத்துச் சொன்னாள். பதினேழார் கேட்டுக்கொள்ளவில்லை. தேய்ந்த டயரைத்தான் மாற்றுவோம், நல்ல டயரை எவனாவது கழற்றுவானா என்பது அவர் வாதம். முகம் டயர் இல்லை என்று அவள் சொன்னது, அவர் ரோட்டைத் தாண்டிய பிறகு காற்றோடு போயிற்று.

முதல் வாரம் சந்தி சிரித்தது. கெட்டியானதுதான் பலமானது என்ற நினைப்பில் மாய்ஸ்சரைசரை முதலில் அப்பினார், அதற்கு மேல் சீரம், அதற்கு மேல் சன்ஸ்க்ரீன். எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டு, ரப்பரால் அழித்த தூள் மாதிரி உருண்டு உருண்டு சட்டைக் காலரில் விழுந்தது. மறுபடி மருந்துக்கடை. “தண்ணியா இருக்கிறது முதல்ல, கெட்டியா இருக்கிறது கடைசில. ஒண்ணு உள்ள போனப்புறம்தான் அடுத்தது.” இதை அவர் டிப்போவில் சொன்னபோது கண்டக்டர் உடனே புரிந்துகொண்டான். “அண்ணே, ஒல்லி ஆளுங்க முதல்ல ஏறி உள்ள போயிடணும். குண்டு ஆளுங்க கடைசியா ஏறி வாசலை அடைச்சுக்கணும். நான் தினம் தொண்டை கிழியக் கத்துறது இதைத்தானே?” அழகுக்கலையை இத்தனை தெளிவாக யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

அதன்பின் வரிசை தப்பவில்லை. கண்ணாடிக்கு மேல் ஒரு தாளை ஒட்டி, டிரிப் ஷீட் மாதிரி நேரம் குறித்தார். நாலு மணிக்குச் சீரம். நாலு பத்துக்கு மாய்ஸ்சரைசர். நாலு இருபதுக்கு சன்ஸ்க்ரீன். நெற்றி நடுவிலிருந்து மூக்குத் தண்டு வழியாக மோவாய் வரைக்கும் மனசுக்குள் ஒரு கோடு, அதற்கு வலது பக்கம் எல்லாம் வெள்ளை. அக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வெள்ளையடிச்சா முழு வீட்டுக்கும் அடிக்கணும்டா. இது பங்காளிச் சண்டையில பாதியில நிறுத்தின வீடு மாதிரி இருக்கு.” கண்டக்டரும் தன் பங்குக்கு, “அண்ணே, ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ், ஒரு பக்கம் லோக்கல்” என்றான். முதல் சீட்டிலிருந்து இது தெரியாது. அது போதும் பதினேழாருக்கு.

இரண்டாவது வாரம் கன்னம் சிவந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். மூன்றாவது வாரம் எரிந்தது. பழைய தோல் போகப் புதுத் தோல் வருகிறது என்று அக்காவுக்குப் பாடம் நடத்தினார். நாலாவது வாரம் உரிய ஆரம்பித்தது. சின்னச் சின்னச் செதிலாகத் தோல் எழும்பி, ஜன்னல் காற்றில் படபடத்தது. சிரித்தால் வலித்தது. வலது பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. அப்பாவாவது பரவாயில்லை, இது தாத்தா. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று மருந்துக்கடைக்கு ஓடினார்.

அந்தப் பெண் பார்த்ததும் பயந்துவிட்டாள். “ரெட்டினால் வாரத்துக்கு ரெண்டு நாள்தானே போட்டீங்க?”

“ஆறு வாரந்தானேம்மா இருந்துச்சு. தினமும் போட்டேன்.”

“தினமும் ஒரு தடவையா?”

“நீதானேம்மா சொன்னே, படுக்கப் போறதுக்கு முன்னாடின்னு. படுக்கும்போதெல்லாம் போட்டேன்.”

“எத்தனை தடவை படுப்பீங்க?”

“ரெண்டு தடவை. பகல் பதினொண்ணு, ராத்திரி ஒம்பது.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பகலில் அரைப் பட்டாணி ரெட்டினாலைப் பூசிக்கொண்டு படுத்து, எழுந்ததும் துண்டால் துடைத்துவிட்டு, மூன்று மணிக்கு, அந்த மருந்துக்கு ஆகவே ஆகாத மேற்கு வெயிலில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருக்கிறார். டப்பாவில் அச்சடித்தவர்கள் யாரும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் உறங்குகிறவனை நினைத்துப் பார்க்கவில்லை. தப்பு அவர்கள் மேலும் இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அவ்வளவுதான்.

“எல்லாத்தையும் நிறுத்துங்க அங்கிள். வெறும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். ஆறலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க. ஆறுறதுக்கு மூணு வாரம் ஆகும்.”

இவருக்கு இருந்தது இரண்டு வாரம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. நாளைத் தள்ளிப்போடு என்று அக்கா சொன்னாள். தள்ளிப்போட்டால் அந்த அம்மா மனசு மாறிவிடுவாளோ என்று இவருக்குப் பயம். அரை மணி முன்னதாகவே டீக்கடைக்குப் போய், மூலையில் சுவரை ஒட்டிய மேஜையைப் பிடித்தார். நாற்காலியைத் திருப்பி, வலது கன்னம் சுவர்ப்பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அந்த அம்மா நீலப் புடவையில் வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். அதன்பின் ஒரு மணி நேரம் பதினேழார் சுவரிடம் பேசினார். சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தபடியே தன் வீட்டைப் பற்றிச் சொன்னார், அக்காவைப் பற்றிச் சொன்னார், ஓய்வு பெற எத்தனை வருஷம் பாக்கி என்று சொன்னார். மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த பேச்சு, ஒரு வார்த்தை பிசகவில்லை. கழுத்து மரத்துப்போயிற்று. அவள் முதலில் பதில் சொன்னாள், பிறகு உம் கொட்டினாள், பிறகு அதுவும் இல்லை.

“என்னைப் பாத்துப் பேச மாட்டீங்களா?” என்று ஒரு தடவை கேட்டாள்.

“கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்” என்றார், பன்னின் விலையைப் பார்த்தபடி.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “சரி, நான் கிளம்பறேன். வேலை இருக்கு.” இவர் திரும்பிப் பார்த்தபோது நீலப் புடவை வாசலைத் தாண்டியிருந்தது. அவள் டீயில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கன்னத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது அந்த மடையருக்கு. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோர்ட்டு ஸ்டாப்பில் அவள் நின்றாள், ஆனால் ஏறவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செவ்வாயும் அப்படியே. அடுத்து வருகிற பன்னிரண்டாம் நம்பரில் போகிறாள் என்று கண்டக்டர் விசாரித்துச் சொன்னான். அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும், இருபது நிமிஷம் கூடுதல். புதன்கிழமை முதல் சீட்டில் ஒரு தடியர் உட்கார்ந்து கோர்ட்டிலிருந்து மார்க்கெட் வரை குறட்டை விட்டார். பதினேழாருக்கு அழுகை வந்தது. வலது கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீர் உரிந்த தோலில் பட்டுச் சுள்ளென்று எரிந்தது.

வியாழக்கிழமை கோர்ட்டு ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ஓட்டுநர் நடுவழியில் இறங்கினால் ஒன்று டயர் வெடித்திருக்க வேண்டும், இல்லை யாரையாவது அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பதினேழார் பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, ஸ்டாப்பில் நின்ற ஏழெட்டுப் பேருக்கு நடுவில், அந்த அம்மாவுக்கு நேராக நின்றார். வலது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

“இதுதான் விஷயம். இந்தப் பக்கம் எனக்குக் கிழடு தட்டிப்போச்சு. நீங்க பாத்தது இடது பக்கம் மட்டும். இதைச் சரி பண்ணிட்டு உங்க முன்னாடி உக்காரணும்னு நெனச்சேன். கிரீமைத் தப்பாப் பூசி இன்னும் கெடுத்துக்கிட்டேன். இதைக் காட்டக் கூடாதுன்னுதான் அன்னைக்குச் சுவரையே பாத்தேன். உங்களைப் பாக்கப் பிடிக்காம இல்ல. உங்களைப் பாக்காம என்னால இருக்க முடியல.”

அந்த அம்மா அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

“நீங்க ஒரு நாள்கூட பஸ் ஸ்டாப்புல நின்னதில்லையா?”

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தார். டிப்போவுக்கு ஸ்கூட்டர். கடைக்கு ஸ்கூட்டர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையும் நின்றதில்லை.

“திரும்பிப் பாருங்க” என்றாள்.

திரும்பினார். எதிரே அவருடைய பஸ். முன்பக்கம் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரே கண்ணாடி. அதற்குப் பின்னால் அவருடைய சீட்டு, சீட்டில் தொங்கிய துண்டு, துண்டிலிருந்த டீக்கறை வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

“பஸ் அந்தத் திருப்பத்துல வரும்போதே உங்க முழு மூஞ்சியும் தெரியும். மூணு வருஷமாத் தெரியும். போன மாசம் பாதி வெள்ளையா இருந்துச்சு. அப்புறம் சிவந்துச்சு. அப்புறம் உரிஞ்சுது. நாங்க ஸ்டாப்புல எல்லாரும் தினம் அதைப் பத்தித்தான் பேசுவோம். இந்த டீச்சரம்மா படைன்னு சொன்னாங்க. அந்த வக்கீல் குமாஸ்தா, இல்ல, வீட்டுல யாரோ வெந்நீரை ஊத்திட்டாங்கன்னு சொன்னார்.”

டீச்சரம்மா கைப்பையைக் கிளறினாள். குமாஸ்தா வானத்தைப் பார்த்தார்.

“அந்தக் கன்னத்தைப் பாத்துட்டுத்தான் உங்களை டீக்குக் கூப்பிட்டேன்” என்றாள். “அங்க வந்து நீங்க ஒரு தடவைகூடத் திரும்பல. கிட்டத்துல பாத்ததும் என்னைப் பிடிக்காம போச்சுன்னு நெனச்சேன். நாலு நாளா எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?”

“மன்னிச்சிடுங்க.”

“அந்த ஒரு மணி நேரம் பேசினதையெல்லாம் ஒண்ணு விடாம திரும்பப் பேசணும். என்னைப் பாத்து.”

“இப்பவா? பஸ் நிக்குதுங்களே.”

“ஞாயித்துக்கிழமை. உங்க வீட்டுல. அக்கா இருக்கட்டும், நீங்க தப்பாச் சொன்னா திருத்துவாங்க.”

கண்டக்டர் விசிலடித்தான். அவள் முன்வாசலில் ஏறி, முதல் சீட்டிலிருந்த ஆளை ஒரு பார்வையில் எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். பதினேழார் சுற்றி வந்து தன் கதவு வழியாக ஏறி, எஞ்சினைக் கிளப்பினார். அடுத்த திருப்பத்தைத் தாண்டியதும் போஸ்ட் ஆபீஸ் ஸ்டாப் வந்தது. அங்கே பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வண்டியை ஓரங்கட்டி, அவர்களை ஏற்றிக்கொண்டார்.